சேனல் லோகோ போட்ட நியூஸ் கார்டு: அசலா, போலியா? எப்படிக் கண்டுபிடிப்பது?

வைகைக்கரை:
தேர்தல் நெருங்கினாலே வாட்ஸ்அப் குழுக்களில் டிவி லோகோ போட்ட நியூஸ் கார்டுகள் குவிகின்றன. தலைவர் படம், பக்கத்தில் அவர் சொன்னதாக ஒரு வாசகம், கீழே தேதி, நேரம். பார்த்தால் அசல் போலவே இருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாமல் போனிலேயே சரிபார்க்க முடியுமா? போலி என்று தெரிந்தால் குழுவில் எப்படிச் சொல்வது, எங்கே புகார் கொடுப்பது?

பிழைதிருத்தி:
முடியும். முதலில் கார்டில் உள்ள தேதியைப் பாருங்கள். அந்தச் சேனலின் ஃபேஸ்புக் அல்லது எக்ஸ் பக்கத்தில் அதே தேதி, அதே நேரம் வரை கீழே இறங்குங்கள். போலி கார்டைப் பெரும்பாலும் புதிதாகச் செய்வதில்லை. அன்று வந்த அசல் கார்டை எடுத்து, வாசகத்தை மட்டும் அழித்துவிட்டு வேறு எழுதுவார்கள். படமும் நேரமும் ஒத்துப்போய், வாசகம் மட்டும் வேறாக இருக்கும் கார்டு அங்கே கிடைத்தால் வேலை முடிந்தது.

தேதி வெட்டப்பட்டிருந்தால், படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸ். முழுக் கார்டையும் போட்டுத் தேடாதீர்கள். லோகோவும் வண்ணப் பட்டையும் சேர்ந்தால் அந்தச் சேனலின் மற்ற கார்டுகளாக வந்து நிற்கும். தலைவர் படத்தை மட்டும் வெட்டித் தேடுங்கள்.

பிறகு எழுத்தைப் பெரிதாக்குங்கள். பெயர் ஓர் எழுத்துருவிலும் வாசகம் வேறொன்றிலும் இருந்தால் சந்தேகப்படலாம். எழுத்துக்குப் பின்னால் இருக்கும் நிறத்தையும் கவனியுங்கள். அசலில் பின்னணி நீலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது மேலிருந்து கீழே மெல்ல வெளிறிக்கொண்டே வரும். அழித்து எழுதிய இடத்தில் அது ஒரே நிறத் திட்டாக நின்றுவிடும், ஓரத்தில் பழைய எழுத்தின் நிழல் மிஞ்சியிருக்கும். ஒற்றுப்பிழையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அவசரத்தில் போடும் அசல் கார்டிலும் அது வரும். மெட்டாடேட்டாவை, அதாவது படக் கோப்புக்குள் பதிவாகியிருக்கும் விவரங்களைத் தேடுவதும் வீண், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போதே அது போய்விடும்.

சேனல் பக்கத்தில் கார்டு இல்லை என்பதற்காகவே அதைப் போலி என்று சொல்லிவிடவும் கூடாது. தவறாகப் போட்டதைச் சேனல்கள் நீக்குவதுண்டு. ‘இது எங்கள் கார்டு அல்ல’ என்று மறுப்பு வந்திருக்கிறதா, மற்ற சேனல்களும் நாளிதழ்களும் அந்தச் செய்தியைத் தொட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நடுப்பக்கம்:
மேலே சொன்னது சரி. ஆனால் என் பார்வையில் போலி கார்டைவிட, சேனலே போட்ட வெட்டுக் கார்டு அதிகக் கெடுதல் செய்கிறது. லோகோ அசல், தேதி அசல், எழுத்துரு அசல். எந்தச் சோதனையிலும் மாட்டாது.

நடப்பது இதுதான். பேட்டியில் நிருபர், ‘அப்படியானால் கூட்டணியை மறுபரிசீலனை செய்வீர்களா?’ என்று கேட்பார். தலைவர், ‘நிலைமை அப்படி வந்தால் பொதுக்குழு கூடி முடிவெடுக்கும்’ என்பார். கார்டில் வருவது: ‘கூட்டணி மறுபரிசீலனை?’ கேள்வி நிருபருடையது, படம் தலைவருடையது. ‘வந்தால்’ என்ற நிபந்தனை காணாமல் போய்விடுகிறது. அடுத்த இரண்டு நாள் விவாத நிகழ்ச்சிகள் எல்லாம் அந்தக் கேள்விக்குறியின் மேல்தான் ஓடும். அதே பேட்டியில் குடிநீர் பற்றியோ பயிர்க்கடன் பற்றியோ அவர் சொன்னதை யாரும் எடுக்க மாட்டார்கள்.

இதற்கு ஒரே வழி முழுப் பேட்டியைப் பார்ப்பது. கட்சியின் யூடியூப் பக்கத்திலோ வேறொரு சேனலின் நேரலைப் பதிவிலோ பெரும்பாலும் இருக்கும். இரட்டை வேகத்தில் ஓட்டினால் 20 நிமிடப் பேட்டி 10 நிமிடம்தான். அந்த வாசகத்துக்கு முன்னால் வந்த கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

கார்டு வடிவமே இதற்கு இடம் கொடுக்கிறது. முழுச் செய்திக்குப் போக இணைப்பு இல்லாத படம் அது. படித்தவர் அடுத்த நொடி ஃபார்வர்டு செய்துவிடுகிறார். சேனல்கள் ஒவ்வொரு கார்டிலும் க்யூஆர் குறியீடு போட வேண்டும் என்று வாசகர்கள் கேட்கத் தொடங்க வேண்டும்.

சுற்றறிக்கை:
பரவும் விதத்தைப் பற்றி. வாட்ஸ்அப் 2018 ஜூலையில் இந்தியாவில் ஃபார்வர்டை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு என்று கட்டுப்படுத்தத் தொடங்கியது. 2020 ஏப்ரலில், பலமுறை ஃபார்வர்டு ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கியது. இரட்டை அம்புக்குறி அதற்குத்தான். ஆனால் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புதிதாக அனுப்பினால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அம்பு இல்லை என்பதால் நம்பிவிடாதீர்கள்.

வீடியோ என்றால் முக்கியமான இரண்டு மூன்று காட்சிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து லென்ஸில் போடுங்கள். கிடைக்காவிட்டால் படத்தை இடம் வலமாகத் திருப்பித் தேடுங்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பரவிய வீடியோக்களை நினைத்துப் பாருங்கள். அவற்றில் இரண்டைப் பற்றித் தமிழ்நாடு டிஜிபியே விளக்கம் கொடுத்தார்: ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள் நடந்த சண்டை, மற்றது கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்தது. காட்சி உண்மை, தலைப்புதான் பொய். அதற்குள் தொழிலாளர்கள் பயந்து போனார்கள், பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்ப வேண்டியதாயிற்று.

குழுவில் மறுக்கும்போது அதே கார்டைப் போட்டுக் கீழே ‘பொய்’ என்று எழுதாதீர்கள். படத்தைப் பார்ப்பவர் கீழே படிப்பதில்லை, நாம் இன்னொரு முறை பரப்பியதாகவே ஆகும். கார்டின் குறுக்கே தடித்த சிவப்புக் கோடு போட்டு, அசல் கார்டைப் பக்கத்தில் வையுங்கள். முதல் வரியில் உண்மை, அடுத்து பொய் எங்கே என்பது. போட்டவரைப் பெயர் சொல்லித் திட்டினால் அவர் வீம்புக்கு நிற்பார். அவருக்கு மட்டும் தனியாக அனுப்பி, அவரையே நீக்கச் சொல்வது நல்லது.

வைகைக்கரை:
மிக்க நன்றி. புகாருக்குத் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் ஆப்பில் போடலாமா?

சுற்றறிக்கை:
அதில் முடியாது. சி-விஜில் நேரில் நடக்கும் விதிமீறலுக்கானது. ஆப்பிலேயே எடுத்த படம், வீடியோதான் ஏறும், கேலரியில் இருப்பதை ஏற்காது. தேர்தல் உதவி எண்ணான 1950-க்கு அழையுங்கள், அல்லது மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டரிடம் எழுத்தில் கொடுங்கள். அனுப்பியவர் எண், தேதி, நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டைச் சேர்த்துவிடுங்கள். ஃபேஸ்புக், எக்ஸ் என்றால் பதிவின் இணைப்பு முகவரி கட்டாயம். கட்சியின் அதிகாரப்பூர்வப் பக்கத்திலேயே பொய் இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்: கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் கட்சிகள் அதை நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. எதற்கும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அப்புறம் நீக்கச் சொல்லுங்கள்.