கட்டுச்சோறு கட்டிக்கொடுத்தது யார்? சூழல் மாறிகளோடு எங்கள் அனுபவங்கள்

தொடக்கப் பகிர்வு

வணக்கம். ஒரு நிரல் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கப்படும் பெயர்-மதிப்பு இணைகளான சூழல் மாறிகளால் நீங்கள் பட்ட பாட்டையும், அதிலிருந்து மீண்ட வழியையும் இந்த இழையில் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. ஓர் அலுவலகத்தின் தரவுத்தளத்தை நள்ளிரவு தாண்டிப் பேக்கப் எடுப்பதற்காகச் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் நாலைந்து முறை ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் அது ஒழுங்காக முடிந்ததை உறுதிசெய்துகொண்ட பிறகே, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரான் அட்டவணையில் சேர்த்தேன். நான்காம் நாள் காலை, கணக்குப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் முக்கியமான அட்டவணை ஒன்று தவறுதலாக அழிந்துவிட்டது என்று பதறிக்கொண்டு வந்தார். பேக்கப் அடைவைத் திறந்தேன். மூன்று இரவுகளுக்கு மூன்று கோப்புகள் இருந்தன. மூன்றின் அளவும் பூஜ்யம். அழிந்துபோன பதிவுகளைக் காகித வவுச்சர்களைப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்ய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அவர்களோடு உட்கார்ந்து நானும் தட்டச்சு செய்தேன்.

காரணத்தைத் தேடியபோது, கணினியின் முழு உரிமையும் உள்ள ரூட் பயனரின் உள்ளூர் அஞ்சல்பெட்டியில், யாரும் திறந்து பார்க்காத இடத்தில், ‘கட்டளை கிடைக்கவில்லை’ என்ற ஒரே வரி மூன்று முறை வந்து கிடந்தது. பேக்கப் எடுக்கும் நிரல் ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்’ அடைவில் இருந்தது. கட்டளைகளை எந்தெந்த அடைவுகளில் தேடுவது என்று சொல்வது ‘பாத்’ மாறி. என் முனையத்தின் ‘பாத்’ மாறியில் அந்த அடைவு உண்டு. க்ரான் கொடுக்கும் ‘பாத்’ மாறியிலோ ‘/யுஎஸ்ஆர்/பின்’, ‘/பின்’ என்ற இரண்டே இரண்டு அடைவுகள்தாம் இருந்தன. நிரல் கிடைக்காவிட்டாலும், வெளியீட்டை எழுதுவதற்கான கோப்பை, கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல் முன்கூட்டியே உருவாக்கிவிடும் என்பதால், வெறுங்கோப்பு மட்டும் நாள்தோறும் தவறாமல் பிறந்துகொண்டிருந்தது.

அன்று நான் செய்த ஒரு சோதனையை எல்லோரும் ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டும். சூழலை அப்படியே பட்டியலிடும் ‘என்வ்’ கட்டளையை முனையத்தில் ஒரு முறையும் க்ரான் வழியாக ஒரு முறையும் ஓட்டி, இரண்டு வெளியீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முனையத்தின் பட்டியல் திரையைத் தாண்டிப் போனது; க்ரான் தந்தது ஆறேழு வரிகள். ஸ்கிரிப்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஓட்டிவிட்டவர்தான் வேறு.

ஒரு நிரலைத் தொடங்கும்போது இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் மூன்று பொருள்கள் கொடுக்கப்படுகின்றன: எந்தக் கோப்பை ஓட்டுவது என்பது, அதற்கான தருமதிப்புகளின் (கூடவே தரும் உள்ளீடுகளின்) பட்டியல், ‘பெயர்=மதிப்பு’ என்ற வடிவில் அமைந்த சரங்களின் பட்டியல். மூன்றாவதாகச் சொன்னதே சூழல். ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் புராசஸ் என்பார்கள்; இன்னொன்றைத் தொடங்கும் தாய்ப் புராசஸ் தன்னிடம் உள்ளதைப் படியெடுத்துச் சேய்க்குக் கொடுக்கிறது. வெளியூர் போகிறவருக்கு வீட்டில் கட்டுச்சோறு கட்டிக்கொடுப்பதைப் போன்றது இது. புறப்பட்ட பிறகு வீட்டில் என்ன சமைத்தாலும் அது அந்தப் பொட்டலத்துக்குள் போய்ச் சேராது. வழியில் அவர் பொட்டலத்தில் எதைச் சேர்த்தாலும் அது வீட்டு அடுப்புக்குத் திரும்பி வராது.

விண்டோஸில் நிரல் எழுதும் ஒருவரின் பகிர்வு

அண்ணா, நீங்கள் சொன்ன கட்டுச்சோறு என்னை ஒரு முறை கவிழ்த்தது, அதே நாளில் காப்பாற்றவும் செய்தது.

புதிதாக நிறுவிய கருவி ஒன்றின் அடைவை ‘பாத்’ மாறியில் சேர்க்க வேண்டியிருந்தது. நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்தில், இருக்கும் ‘பாத்’ மதிப்பின் கடைசியில் புதிய அடைவை ஒட்டி, ‘செட்எக்ஸ்’ கட்டளையால் கணினி முழுமைக்குமான மாறியாகச் சேமித்தேன். சேமிக்கப்படும் தரவு 1024 எழுத்துகளோடு வெட்டப்பட்டது என்று ஓர் எச்சரிக்கை வந்தது. அதற்கு அடுத்த வரியிலேயே குறிப்பிட்ட மதிப்பு வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது என்றும் வந்ததால், நான் இரண்டாவது வரியை மட்டும் நம்பிச் சாளரத்தை மூடிவிட்டேன். விண்டோஸில் ஒரு சூழல் மாறி 32,767 எழுத்துகள் வரை நீளலாம். அந்த வரம்புக்கு வெகு முன்பாகவே ‘செட்எக்ஸ்’ வெட்டிவிடுகிறது என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. கடைசியில் ஒட்டப்பட்ட புதிய அடைவு வெட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்து காணாமல்போனது. அதனோடு தரவுத்தளக் கருவிகளும் கம்பைலரும் இருந்த அடைவுகளும் போயின.

புதிய சாளரம் திறந்து பழக்கமான கட்டளைகளைத் தட்டினால் ஒன்றும் அகப்படவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தபோது, காலையிலிருந்து திறந்தே கிடந்த இன்னொரு கட்டளைச் சாளரம் கண்ணில் பட்டது. அதில் ‘பாத்’ மதிப்பைக் கேட்டேன். பழைய பட்டியல் முழுவதும் ஒரு குறையுமில்லாமல் வந்து நின்றது. அந்தச் சாளரம் காலையில் பிறந்தது, அதன் கையில் இருந்த படியை என்னுடைய ‘செட்எக்ஸ்’ தொடவே இல்லை. அதிலிருந்து எடுத்து, கணினிக்குரியவற்றையும் பயனருக்குரியவற்றையும் பிரித்து, அமைப்புகளில் உள்ள சூழல் மாறிகள் பெட்டியில் ஒவ்வொரு வரியாக உள்ளிட்டு முடித்தேன். அன்றிலிருந்து ‘பாத்’ மாறியை ‘செட்எக்ஸ்’ கொண்டு நான் தொடுவதே இல்லை. உங்களுக்கும் அதையே வலியுறுத்துகிறேன்.

மதிப்பை மாற்றிவிட்டு, எடிட்டருக்குள்ளேயே இருக்கும் முனையத்தில் மாற்றம் தெரியவில்லை என்று அந்த முனையத்தை மட்டும் மூடி மூடித் திறப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த முனையத்தைப் பெற்றது எடிட்டர். எடிட்டரையே முழுதாக மூடித் திறந்தால்தான் புதிய மதிப்பு அதற்குள் வரும்.

கல்லூரி மாணவர் ஒருவரின் கேள்வி

ஐயா, ஒரு ஸ்கிரிப்டுக்குள் ‘எக்ஸ்போர்ட்’ போட்டு, ஜாவா நிறுவப்பட்ட இடத்தைச் சொல்லும் ‘ஜாவா ஹோம்’ மாறிக்கு மதிப்புக் கொடுத்தேன். ஸ்கிரிப்ட் பிழையில்லாமல் முடிந்தது. ஆனால் முடிந்தவுடன் முனையத்தில் கேட்டால் மாறி வெறுமையாக இருக்கிறது. கட்டுச்சோறு என்று நீங்கள் சொன்னதும் இதுவும் ஒன்றுதானா?

தொடக்கப் பகிர்வாளரின் பதில்

ஒன்றேதான், தம்பி. உங்கள் ஸ்கிரிப்டை ஓட்டியது முனைய ஷெல் பெற்ற ஒரு சேய் ஷெல். அது தன் பொட்டலத்தில் மாறியைச் சேர்த்துக்கொண்டது; முடிந்தபோது பொட்டலத்தோடு போய்விட்டது. ‘சோர்ஸ்’ என்ற கட்டளையையோ ஒற்றைப் புள்ளியையோ முன்னால் இட்டு ஓட்டினால், சேய் எதுவும் பிறக்காமல் உங்கள் ஷெல்லே அந்த வரிகளைப் படித்துச் செயல்படுத்தும். அப்போது மதிப்பு நிலைக்கும். ‘எக்ஸ்போர்ட்’ போடாமல் மதிப்பு மட்டும் கொடுத்தால் அது ஷெல்லுக்குள் மட்டும் வாழும், எந்தச் சேய்க்கும் போகாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். இந்த ஏற்பாடு 1979-இல் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் நுழைந்தது. இன்று உங்கள் கையில் உள்ள லினக்ஸும் அதன் வழியே நடக்கிறது.

வருகைப் பதிவு மென்பொருளைப் பார்த்துக்கொள்பவரின் பகிர்வு

என் அனுபவம் நேரம் பற்றியது. எங்கள் நிரலை, அதற்குத் தேவையானவற்றோடு தனியாக அடைத்து ஓட்டும் கண்டெய்னருக்கு மாற்றியபோது, நேர வலயத்தைச் சொல்லும் ‘டீஇசட்’ மாறிக்கு ‘ஐஎஸ்டி’ என்று மதிப்புக் கொடுத்தேன். இந்தியாவில் எல்லோரும் சொல்வது அதுதானே என்ற எண்ணம். ‘டேட்’ கட்டளை நேரத்தைக் காட்டி, பக்கத்தில் ‘ஐஎஸ்டி’ என்றும் எழுதியதைப் பார்த்துத் திருப்தி அடைந்து, எண்களைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்த தொழிலாளர்கள் அனைவரும் அதிகாலை மூன்றரை மணிக்கு வந்ததாகப் பதிவாகியிருந்தது.

அப்படி ஒரு வலயக் கோப்பு அங்கே இல்லாததால், நேரத்தைக் கணக்கிடும் நிரல் நூலகம் அதை உலகப் பொது நேரமாகவே எடுத்துக்கொண்டு, நான் கொடுத்த பெயரை மட்டும் முத்திரையாக ஒட்டிவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வராது. பெயர் சரியாகவே இருக்கும், நேரம் மட்டும் ஐந்தரை மணி பின்தங்கும். உடனே ‘ஐஎஸ்டி+5:30’ என்று திருத்தினேன். கடிகாரம் பதினொரு மணி நேரம் பின்னால் போயிற்று. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையின் முறையில் அங்கே எழுத வேண்டியது, உள்ளூர் நேரத்தோடு எதைக் கூட்டினால் உலகப் பொது நேரம் கிடைக்கும் என்பதை. ஆகவே கிரீன்விச்சுக்குக் கிழக்கே உள்ள நமக்குக் கழித்தல் குறிதான் வரும். கடைசியில் ‘ஏசியா/கொல்கத்தா’ என்று எழுதினேன். அதுவும் முதலில் வேலை செய்யவில்லை. கண்டெய்னருக்கு அடிப்படையாக நாங்கள் எடுத்திருந்த சிறிய படிமத்தில் நேர வலயத் தரவுத் தொகுப்பே இல்லை. நேரத்தின் பக்கத்தில் ‘ஏசியா’ என்ற சொல் மட்டும் வந்து நின்றது. தொகுப்பை நிறுவிய பிறகே எல்லாம் சீரானது. சம்பளக் கணக்கு ஓடுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டோம் என்பதில் எனக்கு இன்றும் பெரிய ஆறுதல்.

இலங்கையிலிருந்து ஒருவர்

மேலே எழுதியவருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். எங்களுக்கும் இப்போது ஐந்தரை மணிதான் என்றாலும், நாங்கள் ‘ஏசியா/கொழும்பு’ என்றே இட வேண்டும். இலங்கையின் நேரம் 1996 மே மாதத்தில் ஆறரை மணியாகவும், அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணியாகவும் மாற்றப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. 2001-ஆம் ஆண்டுப் பதிவுகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றியபோது, எண்ணால் எழுதிய வலயம் ஒவ்வொரு பதிவையும் அரை மணி பிசக வைத்தது. ஊர்ப் பெயரால் எழுதியபோது அந்த வரலாறு முழுவதும் தானாகவே கணக்கில் வந்தது.

நூல்களுக்குச் சொல்லடைவு தயாரிப்பவரின் பகிர்வு

தமிழ்ச் சொற்களை அகர வரிசைப்படுத்துவது என் அன்றாட வேலை. என் மேசைக் கணினியில் ‘சார்ட்’ கட்டளை பணம், பயிர், பலா, பவளம், பழம், பள்ளி, பறவை, பனி என்று நெடுங்கணக்கு முறையில் அழகாக அடுக்கித் தரும். அதே கோப்பை, அச்சுக்கு அனுப்பும் தானியங்கி ஸ்கிரிப்ட் வழியாக ஓட்டியபோது பணம், பனி, பயிர், பறவை, பலா, பள்ளி, பழம், பவளம் என்று வந்தது. பணத்துக்கு அடுத்தே பனி வந்து நிற்பதைப் பார்த்ததும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. இரண்டாம் வரிசை யூனிகோடு எண்களின் வரிசை. அதில் னகரம் நகரத்துக்கும் பகரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, வகரம் ழகரத்துக்குப் பின்னால் போய்விடுகிறது.

மொழியைக் குறிக்கும் ‘லாங்’ மாறியில் இந்தியத் தமிழ் என்று தெளிவாகக் குறிப்பிட்டிருந்தேன், பிறகும் பயனில்லை. அரை நாள் தேடிய பின்பு தெரிந்தது என்னவென்றால், என் ஸ்கிரிப்டை அழைத்த இன்னொரு ஸ்கிரிப்டின் தலைப்பில், யாரோ எப்போதோ ‘எல்சி_ஆல்’ மாறிக்கு, எந்த மொழியையும் சாராத ‘சி’ என்ற மதிப்பை இட்டு ‘எக்ஸ்போர்ட்’ செய்திருந்தார்கள். முன்னுரிமையில் ‘எல்சி_ஆல்’ முதலில் நிற்கும். வரிசைப்படுத்துதலுக்கென்றே உள்ள ‘எல்சி_கொலேட்’ அதற்குப் பின். ‘லாங்’ எல்லாவற்றுக்கும் கடைசி. பாட்டி வைத்துக்கொடுத்த பொருள் பேத்தியின் பொட்டலத்தில் இருந்தது போல, இரண்டு தலைமுறை தாண்டி அந்த மதிப்பு என்னிடம் வந்திருக்கிறது. இப்போது ‘சார்ட்’ கட்டளைக்கு முன்னால், அதே வரியில், அந்த ஒரு கட்டளைக்கு மட்டுமான ‘எல்சி_ஆல்’ மதிப்பை எழுதிவிடுகிறேன்.

சூடோ பற்றிச் சுருக்கமாக ஒருவர்

இணையத்துக்கு இடையில் நிற்கும் பிராக்ஸி சர்வரின் முகவரியைச் சூழல் மாறியில் இட்டிருந்தும், ரூட் உரிமையோடு கட்டளையை ஓட்டும் ‘சூடோ’ வழியாகத் தொகுப்புகளை நிறுவும்போது மட்டும் இணையம் கிடைக்கவில்லை. ‘சூடோ’ இயல்பாகவே அழைப்பவரின் சூழலைப் பெரும்பாலும் நீக்கிவிட்டு, நம்பகமான சிறிய சூழலைத் தானே அமைக்கிறது. அது பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்யப்படுவது. வேண்டிய மாறியை மட்டும் பெயர் சொல்லி அனுமதித்தால் போதும்.

பாதுகாப்புப் பிரிவில் பணிபுரிந்தவரின் பகிர்வு

சூழல் என்பது வெறும் அமைப்பு மதிப்புகள் என்று நினைப்பவர்களுக்காக 2014 செப்டம்பரை நினைவூட்டுகிறேன். ஸ்டெஃபான் ஷாஸெலாஸ் கண்டறிந்த பாஷ் ஷெல்லின் குறைபாடு அம்மாதம் 24-ஆம் தேதி வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. ஷெல்ஷாக் என்ற பெயர் உடனே ஒட்டிக்கொண்டது. ஒரு மாறியின் மதிப்பு செயற்கூறு (ஃபங்ஷன்) வரையறை போல் தொடங்கினால், பாஷ் பிறக்கும்போதே அதைப் படித்து, வரையறை முடிந்த பின்னும் நிற்காமல், பின்னால் ஒட்டியிருந்த கட்டளைகளையும் ஓட்டிவிடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி நிரலை ஓட்டும் பழைய சிஜிஐ முறை வலை சர்வர்களில், உலாவி அனுப்பும் தலைப்புகள் சூழல் மாறிகளாகவே நிரலுக்குக் கொடுக்கப்படுகின்றன. ஆக, முகம் தெரியாத எவரும் தன் உலாவியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டளையை எழுதி அனுப்ப முடிந்தது. அந்தக் குறை 1989 முதல் பாஷுக்குள் இருந்திருக்கிறது. அன்று இரவு முழுவதும் சர்வர் சர்வராகத் திருத்தம் நிறுவினோம். முதல் திருத்தம் போதாது என்று தெரிந்து, மறுபடியும் முதலிலிருந்து ஒரு சுற்று வந்தோம்.

அதைவிடச் சாதாரணமான ஆபத்தும் உண்டு. நான் ஆய்வுக்குப் போன ஓர் இடத்தில், நிரல் பிழைகாட்டும் நிலையிலேயே பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டிருந்தது. தவறான முகவரி ஒன்றைத் தட்டியதும் வந்த பிழைப்பக்கம், உதவும் நோக்கத்தில், சூழல் மாறிகள் அத்தனையையும் அட்டவணையாக அச்சிட்டது. நடுவில் தரவுத்தளத்தின் கடவுச்சொல். லினக்ஸில் ‘/ப்ராக்’ அடைவுக்குள் ஒவ்வொரு புராசஸுக்கும் ‘என்விரான்’ என்று ஒரு கோப்பு உண்டு. அந்தப் புராசஸ் பிறந்தபோது பெற்ற சூழலை அதே பயனரும் ரூட்டும் அதில் படிக்கலாம். கடவுச்சொல்லைச் சூழலில் வைத்தால், அந்த நிரல் பெறும் ஒவ்வொரு சேய்க்கும் அது தானாகப் போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

தொடக்கப் பகிர்வாளர்

ஐயா, உங்கள் பகிர்வைப் படித்ததும் என் பேக்கப் ஸ்கிரிப்டையும் அதன் க்ரான் அட்டவணையையும் திறந்து பார்த்தேன். ‘பாத்’ வரியைக் க்ரான் அட்டவணையின் தலையில் எழுதி அன்றைய குறையைச் சரிசெய்த நான், அதற்குக் கீழேயே தரவுத்தளக் கடவுச்சொல்லையும் ஒரு மாறியாக எழுதி வைத்திருக்கிறேன். பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போது ‘என்விரான்’ கோப்பைப் படித்துப் பார்த்தேன். முழுச் சொல்லும் தெரிந்தது. அதே அட்டவணையிலிருந்து பிறக்கும் மற்ற நான்கு வேலைகளின் கையிலும் அது இருந்தது, அவற்றில் எதற்கும் அது தேவையே இல்லை. கடவுச்சொல்லை மாற்றி, உரிமையாளர் மட்டும் படிக்கக்கூடிய தனிக் கோப்பில் வைத்து, அந்தக் கோப்பின் இடத்தை மட்டும் ஸ்கிரிப்டில் குறித்திருக்கிறேன். நேற்றிரவு பேக்கப் ஓடி முடிந்தது. காலையில் கோப்பின் அளவையும் பார்த்துவிட்டேன்.