சி18 (திரவ நிறப்பிரிகையில் கலவையைப் பிரிக்கும் குழாயான கொலத்தின் நிரப்பி; சிலிக்கா மணிகளில் 18 காபன் சங்கிலிகள் ஒட்டியது) என்றால் எல்லாம் ஒன்றா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ

சீனன்குடாக்காரன்:
எண்ணெய்க் குதங்களுக்குக் கிட்டக் கரையில் அள்ளிய சேற்றில் பிஏஎச் (எண்ணெயில் உள்ள பல வளைய ஐதரோகாபன்கள்) பார்த்துக்கொண்டிருந்தோம். பழைய கொலம் முடிந்து புதியது வந்தது. பெட்டியில் அதே சி18, 250 மில்லிமீற்றர், 5 மைக்ரோன். நியமக் கரைசலைச் செலுத்தினால் பென்சஅந்திரசீன், கிரைசீன் என்ற இரண்டு பிஏஎச்சும் ஒரே பீக்! பிரியத் தொடங்கும் தோள்கூட இல்லை. விற்றவர் போனில், “காபன் லோட், அதாவது காபன் வீதம், கூட சேர், இன்னும் நல்லாப் பிடிக்கும்” என்கிறார். இரண்டையும் சேர்த்தல்லோ பிடிக்கிறது! பழையது பொலிமெரிக் (சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னியது), இது மொனோமெரிக் (தனித்தனியே ஒட்டியது). பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கன்னியா வெந்நீர்:
பொலிமெரிக் இருந்தாலும் எங்கள் ஊர் வெயில் விடாது சேர். எங்களிடம் கொலத்தை ஒரே சூட்டில் வைக்கும் ஓவன் இல்லை. வைகாசியில் ஏசி நின்றது. காலையில் அடிவரை பிரிந்து நின்ற அதே சோடி பின்னேரம் ஒட்டிக்கொண்டு வருகிறது. சூடு ஏறச் சங்கிலிகளின் ஒழுங்கு குலைந்துவிடும்.

மூதூர்ப்பிள்ளை:
என்னுடையது தேசிக்காய்ச் சாறு, சித்திரிக்கமிலம். அசையும் அவத்தை (கொலத்தினூடு ஓடும் திரவம்) முழுக்கப் பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசல், ஒரு துளி மெதனோல் இல்லை. கரண்ட் போனது, வந்தது, பம்பைப் போட்டால் கரைப்பான் வரும் நேரத்திலேயே அமிலமும் வந்து விழுகிறது. சங்கிலிகள் தண்ணீரில் படுத்துவிட்டன, கொலம் இனி உதவாது என்கிறார்கள்.

மலையடி:
மூதூர்ப்பிள்ளை, படுத்த கதையை விடுங்கோ தங்கச்சி. பம்ப் ஓடும்வரை பிடித்துத்தானே இருந்தது? அழுத்தம் விழுந்ததும் துளைகளுக்குள் இருந்த நீர் வெளியே தள்ளுப்பட்டிருக்கும். மேற்பரப்பு கிட்டத்தட்ட முழுவதும் துளைக்குள்தான், அங்கே நீர் போகாவிட்டால் அமிலமும் போகாது. முதலில் வெறும் நீரால் உப்பைக் கழுவி, பிறகு பாதிக்கு மேல் மெதனோல் விட்டுப் பாருங்கோ.

சீனன்குடா அண்ணே, காபன் வீதத்தைப் பார்த்து வாங்கினால் இப்படித்தான். சிலிக்காவின் மேற்பரப்பு கூடினாலே அது கூடும். சதுர மீற்றருக்கு எத்தனை சங்கிலி என்று கேளுங்கோ. மொனோமெரிக்கில் ஒவ்வொரு சிலேனும் (சங்கிலியைச் சுமந்து சிலிக்காவில் ஒட்டும் சேர்வை) தனித்தனியே ஒட்டும். பொலிமெரிக்கில் மூன்று குளோரின் உள்ள சிலேனோடு கொஞ்சம் நீரும் சேர்வதால் ஒன்றோடொன்று பின்னி நெருங்கி நிற்கும். இடுக்கு உண்டியல் வாய் மாதிரி: தட்டையான, நீளமான மூலக்கூறு நன்றாக நுழையும், முறுகியது நுழையாது. கிரைசீன் மற்றதைவிட நீளம், அதனால் பிந்தி வரும். அமெரிக்காவின் நிஸ்ற் நிறுவனத்தில் சாண்டரும் வைஸும் இதற்கென்றே எஸ்ஆர்எம் 869 என்ற சோதனைக் கலவை செய்தார்கள். அதில் முறுகிய டிபிஎன் என்ற பிஏஎச்சுக்கும் தட்டையான பென்சோபைரீனுக்கும் இடையிலான தேர்வுக் காரணி (முதலாவது பிடிபடும் அளவை மற்றதனால் வகுத்தது) 1-க்குக் கீழே என்றால் பொலிமெரிக், 1.7-க்கு மேலே மொனோமெரிக். வாங்குமுன் அந்த எண்ணைக் கேட்டு எழுத்தில் எடுங்கோ.

என் கதையா? முருங்கை இலையில் லூட்டீன், சியாசாந்தின் என்ற இரண்டு மஞ்சள் நிறமிகளும் சி18-இல் பிரியவில்லை. 30 காபன் சங்கிலி உள்ள சி30 போட்டோம், பிரிந்தன.

மூதூர்ப்பிள்ளை:
கழுவினேன் அண்ணே, அமிலம் பழைய நேரத்துக்கே வருகிறது. ஆனால் நான் தங்கச்சி இல்லை, தம்பி.