இது காசிமேட்டுக் கடற்கரைதானா?

காசிமேட்டுப் பேரன்:
ஆயாவின் டிரங்குப் பெட்டியில் சட்டம் போட்ட பழைய படம் ஒன்று கிடைத்தது. நல்ல அகலமான மணல், அதில் கட்டுமரங்கள், பெரிய படகு ஒன்று. வலது பக்கம் கடல். இடது ஓரத்தில், தூரத்தில், ஐகோர்ட் லைட் ஹவுஸ் கோபுரம். பின்னட்டையைக் கழற்றினால் படத்தின் முதுகில் ‘போஸ்ட் கார்டு’ என்று அச்சு, நடுவில் ஒரு கோடு. “கல்லு கொட்டாத காலத்துக் காசிமேடுடா இது” என்கிறார் பெரியப்பா. எந்த வருஷம் இருக்கும்? படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரிக்கலாமா?

வண்ணை வாசகன்:
காசிமேடு என்றால் கடல் பக்கம் மாறித் தெரிகிறதே. நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கலாம். எழுத்து ஏதாவது தெரிகிறதா பாருங்கள்.

காசிமேட்டுப் பேரன்:
படகின் பக்கவாட்டில் நம்பர் இருக்கிறது, நேராகத்தான் தெரிகிறது.

ராயபுரம் பழசு:
அப்போ பெரியப்பா கோவித்துக்கொள்ளப் போகிறார், தம்பி. நமக்குக் கடல் கிழக்கே. காசிமேட்டில் நின்று ஐகோர்ட்டைப் பார்த்தால் முகம் தெற்கே, கடல் இடது கைப்பக்கம் வரணும். உங்கள் படத்தில் வலது பக்கம். எடுத்தவர் கோட்டைக்குத் தெற்கே நின்று வடக்கே பார்த்திருக்கிறார்.

மணலும் அதையே சொல்கிறது. இந்தக் கரையில் அலை மணலை வருஷத்தில் பெரும்பகுதி வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870களில் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பித்ததும் அது தெற்கிலேயே தேங்கிவிட்டது. மெரினா அகலமானது அப்படித்தான். நம்ம பக்கம் வரவேண்டிய மணல் வராமல் கடல் உள்ளே வந்தது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் கல் கொட்டினதற்குக் காரணம் இதுதான். மெரினாவில் காற்று வாங்குகிறவர்களுக்கு இது எங்கே தெரியப்போகிறது!

வருஷத்துக்கு வருவோம். ஐகோர்ட் கட்டடம் 1892-ல் திறந்தது, கோபுரத்தில் விளக்கு ஏறியது 1894-ல். அதே வளாகத்தில் தனியாக நிற்கும் 1844-ம் வருஷத்துப் பழைய லைட் ஹவுஸ் தூணைப் பார்த்துவிட்டு கோபுரம் என்கிறீர்களா, அதையும் ஒருமுறை சரிபாருங்கள். நடுக்கோடு போட்ட அட்டையை பிரிட்டன் அனுமதித்ததே 1902-ல். ஆக, இந்த அட்டை அச்சானது அதற்கு அப்புறம்தான்.

அந்தப் பெரிய படகு, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாவா என்று பாருங்கள். ஆணி இல்லாததால் அலை அடித்தாலும் வளைந்து கொடுக்கும். துறைமுகம் வருவதற்கு முன்னால் ஆளும் சரக்கும் கரைக்கு வந்தது அதில்தான்.

கண்ணாடியிலிருந்து பிரிக்கவே பிரிக்காதீர்கள், படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு போய்விடும். தண்ணீரும் காட்டாதீர்கள். பளபளப்பு விழாமல் பக்கவாட்டு வெளிச்சத்தில், கண்ணாடியோடு அப்படியே படம் எடுங்கள். பெரிய சைஸ் காப்பி இங்கே போட்டால் வலது கோடியில் துறைமுகச் சுவர் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

காசிமேட்டுப் பேரன்:
சரிங்க. ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போடுகிறேன். பெரியப்பாவிடம் நீங்களே வந்து சொல்லிவிடுங்கள், எனக்குத் தைரியம் இல்லை.