புதுப்பிப்பு: ஹட்டன் வீட்டுக் கறையான் விவகாரம்

கூரையில் கறையான் என்று அம்மாவைப் பயமுறுத்திய ஒருவர், மருந்தடிக்க 48,000 ரூபாய் கேட்டு, பாதியை அன்றே தரச் சொன்னதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். கொடுக்கவில்லை. பொறுக்கச் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கூரையில் எடுத்ததாக அவர் காட்டிய பூச்சிகளை அம்மா ஒரு போத்தலில் போட்டு வைத்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடுப்பு ஒடுங்கியிருந்தது, முன்சிறகு பின்சிறகைவிட நீளம். ஈசலுக்கு, அதாவது சிறகு முளைத்த கறையானுக்கு, நான்கு சிறகும் ஏறக்குறைய ஒரே அளவு, இடுப்பே தெரியாது. இவை சிறகு முளைத்த எறும்புகள்! கூரை மரங்களை ஸ்க்ரூ ட்ரைவரால் குத்திப் பார்த்தோம். கறையான் கட்டும் மண்குழாய் ஒன்றும் இல்லை, மரம் கல் போல் இருக்கிறது.

அவருடைய கலனில் லேபலும் இல்லை. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி பீடைகொல்லிகள் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும்; பதிவாளர் அலுவலகம் பேராதனை, கெட்டம்பேயில்தான் இருக்கிறது. மருந்தின் பெயரைக் கேட்டதும் அவர் ஏன் சீறினார் என்று இப்போது புரிகிறது.

நுகர்வோர் அதிகாரசபைக்கு, 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில், முறையிட்டுவிட்டேன். பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இரண்டு குடும்பங்கள் அவருக்குப் பற்றுச்சீட்டே இல்லாமல் முற்பணம் கொடுத்திருக்கிறார்கள். கொழுந்து பறித்துச் சேர்த்த பணம், நெஞ்சு பதறுகிறது. நாளை காலை அவர்களோடு பொலிஸுக்குப் போகிறேன்.