பிளஸ் டூ முடிச்ச பையன்: வெல்டிங்கா, தண்ணி சுத்திகரிப்பா?

உசிலை மாமா:
தங்கச்சி மகன் கவர்மென்ட் ஸ்கூல்ல பிளஸ் டூ முடிச்சிருக்கான். மார்க் சுமார்தான். பி.காம்ல சேத்துவிடலாம்ங்கிறாரு மச்சான், பையன் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேங்கிறான். கையில ரெண்டு வழி இருக்கு. கே.புதூர் கவர்மென்ட் ஐடிஐல வெல்டர், ஒரு வருஷம். இல்லேன்னா ஒரு சமுதாயக் கல்லூரியில தண்ணி சுத்திகரிப்பு டிப்ளமோ, அதுவும் ஒரு வருஷம், ஃபீஸ் 28 ஆயிரம். தங்கச்சிக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு, "புகையில நிக்க வேணாம்ணே, கண்ணு கெடாது"ங்கிறா. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. "பையன் இஷ்டம்"னு மட்டும் எழுதிட்டுப் போயிறாதீங்க, அவனுக்கு ரெண்டுமே இஷ்டம்.

கப்பலூர் பட்டறை:
மாமா, கண்ணை மூடிக்கிட்டு ஐடிஐல போடுங்க. மாசம் 750 ரூபா உதவித்தொகை, பஸ் பாஸ் கொடுக்குறாங்க. ஆறாப்புல இருந்து கவர்மென்ட் ஸ்கூல்னா தமிழ்ப் புதல்வன் 1,000 ரூபாயும் உண்டு. அங்க 28 ஆயிரம் கட்டி என்னத்தக் கத்துக்கப்போறான், வால்வைத் தொறக்க, மூடவா? எங்க ஊராட்சியில டேங்க் ஆபரேட்டர் எந்த டிப்ளமோ படிச்சாரு? காலையில மோட்டாரைப் போட்டுட்டு டீக்கடைக்கு வந்துருவாரு.

பம்ப் ஹவுஸ்:
டீக்கடைக்கு வந்தவரை மட்டும்தான் பாத்திருக்கீங்க. நான் சுத்திகரிப்பு நிலையத்துல 9 வருஷமா ஷிப்ட் பாக்குறவன். மேற்க மழை விழுந்தா தண்ணி டீ கலர்ல வரும். நேத்துப் போட்ட படிகார அளவு இன்னிக்குச் செல்லாது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆறு பீக்கர்ல அதே தண்ணியை ஊத்தி, ஒவ்வொண்ணுலயும் வேற வேற அளவு படிகாரக் கரைசலை விட்டு, கலக்கிட்டு உக்காந்து பாக்கணும். எதுல அழுக்கு பூப்பூவாத் திரண்டு சீக்கிரம் அடியில உக்காருதோ, அதுதான் அன்னிக்கு அளவு. குறைஞ்சா கலங்கல் அப்படியே ஃபில்டருக்குப் போயி மணலை அடைச்சுக்கும், தண்ணியைத் தலைகீழா விட்டு மணலைக் கழுவி, அதான் பேக்வாஷ், அதைப் பண்ணியே விடிஞ்சுரும். கூடுனா பி.எச். இறங்கித் தண்ணி புளிப்புப் பக்கம் போகும்.

அப்புறம் குளோரின். கடைசி வீட்டுக் குழாயிலயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கணும். டன்னர்ல, அதான் குளோரின் வாயு வர்ற பெரிய சிலிண்டர்ல, கசிவுன்னா அமோனியால நனைச்ச பஞ்சைக் கிட்ட கொண்டு போவோம், கசியுற இடத்துல வெள்ளைப் புகை கிளம்பும். காத்தை விட ரெண்டரை மடங்கு கனமான வாயு, தரையோட வரும். பள்ளத்துல போயி ஒதுங்குனவன் காலி. வால்வு தொறக்குற வேலைன்னு சொல்றவங்க ஒரு ராத்திரி வந்து நின்னு பாருங்க.

கப்பலூர் பட்டறை:
கோவிச்சுக்காதீங்கண்ணே. லேசான வேலைன்னு சொன்னது தப்புதான், வாபஸ். ஆனா ஒண்ணு கேக்குறேன். இந்த 9 வருஷமும் நிரந்தரமா, கான்ட்ராக்டா?

பம்ப் ஹவுஸ்:
கான்ட்ராக்ட்தான். மூணு கம்பெனி மாறிருச்சு, நான் அதே நாற்காலியில இருக்கேன்.

கப்பலூர் பட்டறை:
அம்புட்டுத்தான் நான் சொல்ல வந்தது.

திருமங்கலம் டு டெக்சஸ்:
இங்க குடிநீர் ஆபரேட்டருக்கு டி, சி, பி, ஏ-ன்னு நாலு படி லைசென்ஸ். ஒவ்வொரு படிக்கும் இத்தனை மணி நேரம் பயிற்சி, அப்புறம் பரிட்சை. கம்யூனிட்டி காலேஜ்ல சாயங்கால வகுப்புக்குப் போயி எழுதுறவங்க இருக்காங்க, பக்கத்து ஹால்ல வெல்டிங் நடக்கும். ரெண்டையும் ஒரே தட்டுலதான் வச்சுப் பாக்குறாங்க. நம்ம ஊர்ல வயரிங் பண்றவனுக்கு லைசென்ஸ் உண்டு, பாய்லர் குழாயை ஒட்டுறவனுக்கு பாய்லர் விதிப்படி ஐ.பி.ஆர். சான்றிதழ் உண்டு. ஊரே குடிக்கிற தண்ணியைப் பாக்குறவன்கிட்ட என்ன இருக்குன்னு யாரும் கேக்குறதில்ல. பம்ப் ஹவுஸ் அண்ணன் சம்பளம் ஏறாததுக்குக் காரணம் அதுதான், வேலை மட்டம்ங்கிறதால இல்ல.

கத்தார் ரிட்டர்ன்:
அண்ணே, அந்த லைசென்ஸ் சட்டம் இங்க வர்ற வரைக்கும் உசிலம்பட்டிப் பையன் என்னத்தச் சாப்பிடுவான்?

ஆனா பட்டறைக்காரர் பேச்சையும் அப்படியே எடுத்துக்காதீங்க மாமா. ஐடிஐ சர்ட்டிபிகேட்டோட நேரா வந்து நின்னா கிரில் கேட்டும் மாடிப்படியும்தான். காசு குழாய் வேலையில இருக்கு. அதுக்கு 6ஜி டெஸ்ட். குழாயை 45 டிகிரி சாய்ச்சு நிறுத்திருவாங்க, உருட்டக் கூடாது. நீங்கதான் அதைச் சுத்திக் குனிஞ்சு, நிமிந்து, படுத்து அடிக்கணும். வேரை, அதான் ஜாயின்ட்டோட அடி வரிசையை, டிக் வெல்டிங்ல போட்டு, மேல வரிசைக்கு 7018ங்கிற வெல்டிங் ராடு. ராடை ஓவன்ல காயவச்சு எடுக்கணும், ஈரம் இருந்தா ஜாயின்ட்ல காத்துப் புகுந்துரும். அப்புறம் எக்ஸ்ரே. மொத தடவை என் ஃபிலிம்ல மிளகு தூவுன மாதிரி கறுப்புப் புள்ளி. இன்ஸ்பெக்டர் ஒண்ணுமே பேசல, ஃபிலிமை வெளிச்சத்துல தூக்கிக் காட்டிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டாரு. துவாக்குடியில ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில ஹெல்பரா ஒட்டிக்கிட்டு எட்டு மாசம் வெட்டிப்போட்ட துண்டுக் குழாயில அடிச்சுப் பழகுனப்புறம்தான் பாஸ். திருச்சியில 1975லயே பெல் (BHEL) கம்பெனியோட வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வந்துருச்சு, அந்த வட்டாரத்துல கை பழகுனவனுக்கு ஒரு மதிப்பு உண்டு.

தங்கச்சி பயப்படுறதும் சும்மா இல்ல. கறுப்புக் கண்ணாடி இல்லாம டேக், அதான் அங்கங்க புள்ளி வச்சு ஒட்டுறது, அடிச்சுட்டு வந்தா ராத்திரி கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். உருளைக்கிழங்கை வெட்டி வச்சுக்கிட்டுப் படுத்த நாள் எனக்கும் உண்டு. வருஷம் 12 ஆச்சு, இப்ப கண்ணைவிட முதுகுதான் பேசுது.

மாட்டுத்தாவணி டெலிவரி:
பி.காம் ஃபர்ஸ்ட் கிளாஸ். இப்ப பிரியாணி டெலிவரி. நீங்க தொடருங்க.

பழங்காநத்தத்துக்காரி:
சாக்கடைத் தண்ணியை விட்டுட்டீங்களே. அவனியாபுரத்துலயும் சக்கிமங்கலத்துலயும் சுத்திகரிப்பு நிலையம் இருக்கு, இதே டிப்ளமோக்காரனைத்தான் அங்கயும் கூப்பிடுவாங்க. 2022 ஏப்ரல்ல எங்க நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத்துல மோட்டார் வேலைக்குப் போன மூணு பேர் விஷவாயுல செத்தாங்க. ஒருத்தரைக் காப்பாத்த இறங்குனவங்களும் போனாங்க. அன்னிக்கு ராத்திரி எங்க தெருவுல யாரும் தூங்கல. அந்தக் கல்லூரி விஷவாயு அளக்குற கேஸ் மீட்டரைக் கையில கொடுத்துப் பழக்குதான்னு கேளுங்க. இல்லைன்னா அந்த டிப்ளமோ வேணாம். தங்கச்சி புகைக்குப் பயப்படுறாங்க, இங்க புகை கண்ணுக்கே தெரியாது.

பம்ப் ஹவுஸ்:
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. ஆனா பட்டறைத் தம்பிக்கு இன்னொண்ணு. தண்ணின்னா குடிநீர் மட்டும் இல்ல. 2011 ஜனவரியில ஐகோர்ட் உத்தரவுல திருப்பூர் சாயப்பட்டறைகளைப் பூட்டுனாங்க. சொட்டுக் கழிவு வெளிய போகக்கூடாதுன்னு ஆனப்புறம் உப்பைப் பிரிக்கிற ஆர்.ஓ., தண்ணியை ஆவியாக்குற எவாப்பரேட்டர்னு ஓட்ட ஆள் தேடித் திரிஞ்சாங்க. என்கூட இருந்த ரெண்டு பேர் இங்க வாங்குனதை விட அதிகத்துக்கு அங்க போயிட்டாங்க. நான் போகல, அம்மாவுக்கு உடம்பு முடியாம இருந்துச்சு. மாமா, கல்லூரிக்குப் போயி ரெண்டே கேள்வி கேளுங்க: ஜார் டெஸ்ட் மெஷின், அதான் நான் சொன்ன ஆறு பீக்கரையும் கலக்குறது, எங்க இருக்கு? பிளான்ட்ல எத்தனை வாரம்?

உசிலை மாமா:
நேத்து ரெண்டு இடத்துக்கும் போயிட்டு வந்தோம். கல்லூரியில மேடம் நல்லாத்தான் பேசுனாங்க. ஜார் டெஸ்ட் மெஷின் இருக்கு, ஆனா மேல போட்ட பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்ல. பிளான்ட்டுக்கு "ரெண்டு தடவை விசிட்". கேஸ் மீட்டரைக் கேட்டதுக்கு "அது சிலபஸ்ல வரும்"னாங்க.

புதூர்ல இருந்த சார் பையன் கையில ஹோல்டரைக் கொடுத்து ஒரு ராடு அடிக்கச் சொன்னாரு. ரெண்டு தடவை பிளேட்ல ஒட்டிக்கிச்சு, மூணாவது தடவை நாலு அங்குலத்துக்குப் புழு மாதிரி ஒரு கோடு. அதை போட்டோ எடுத்து அவங்க அம்மாவுக்கு அனுப்பிட்டான். புதூருக்கு அப்ளிகேஷன் போட்டாச்சு. தங்கச்சி இன்னும் முகம் கொடுத்துப் பேசல.

கத்தார் ரிட்டர்ன்:
அந்தப் புழுவை அழிக்க வேணாம்னு சொல்லுங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பாக்கணும்.

பம்ப் ஹவுஸ்:
சேரட்டும். ஆனா பிளான்ட்டையும் ஒரு தடவை கண்ணுல காட்டிருங்க மாமா, எங்க இன்ஜினியர்கிட்ட நான் சொல்லி வைக்கிறேன். வெயில் நாள்ல வராதீங்க, தொட்டியில தண்ணி சும்மா நிக்கும். மேற்க மழைன்னா போன் பண்றேன், மறுநாள் காலையில வாங்க.

கப்பலூர் பட்டறை:
லீவு நாள்ல பட்டறைக்கும் அனுப்புங்க. காட்டன் சட்டை, முழுக்கை. நைலான் வேணாம், தீப்பொறி பட்டா தோலோட ஒட்டிக்கும்.