‘முதல் பெண்’ என்பதைத் தவிர வேறு எப்படிச் சொல்வது? தமிழ்மொழி மாதப் பேச்சுக்கு உதவி தேவை

தெம்பனிஸ் தாய்:

அனைவருக்கும் வணக்கம். உயர்நிலை 2இல் படிக்கும் என் மகள், தமிழ்மொழி மாதத்தையொட்டி எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் நடக்கவிருக்கும் பேச்சுப் போட்டியில் ‘வரலாற்றில் நிலைத்த பெண்கள்’ என்ற தலைப்பில் ஐந்து நிமிடம் பேசப் போகிறாள். தானே தேடிப் படித்து எழுதிய வரைவை நேற்று இரவு எனக்கு வாசித்துக் காட்டினாள். சிங்கப்பூரின் முதல் பெண் அதிபர் திருமதி ஹலிமா யாக்கோப், சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் எலிசபெத் சோய், சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று வரிசையாகப் போயிற்று. ஒவ்வொருவருக்கும் ஒரு ‘முதல்’, ஓர் ஆண்டு, ஒரு விருது. வாசித்து முடித்த பிறகு அவளே தாளை மடித்து வைத்துவிட்டு, “பெயர்களை இடம் மாற்றிச் சொன்னாலும் யாருக்கும் தெரியாதும்மா” என்றாள்.

அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்று பட்டது. இவர்கள் பட்டங்களுக்காக வாழ்ந்தவர்கள் இல்லையே. ஒருவரையோ இருவரையோ மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் உண்மையில் என்ன செய்தார், எதை எதிர்த்து நின்றார் என்று கேட்பவர் மனத்தில் பதியும்படி சொல்ல வேண்டுமானால் யாரைத் தேர்ந்தெடுக்கலாம்? சிங்கப்பூரோடு தொடர்புடையவராக இருந்தால் நல்லது. தமிழ்ச் சமூகத்தோடும் தொடர்பு இருந்தால் இன்னும் நல்லது.

தோ பாயோ ஆசிரியர்:

உங்கள் மகளுக்கு முதலில் என் பாராட்டு. தன் எழுத்தின் குறையைத் தானே கண்டுகொள்ளும் பிள்ளைக்குப் பேச்சு தானாக வரும்.

ஒரு சிறு திருத்தத்தோடு தொடங்குகிறேன். 1951ஆம் ஆண்டுத் தேர்தலில் சிலேத்தார் தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்று சட்டமன்றம் சென்றவர் விலாசினி மேனன் என்ற வழக்கறிஞர். எலிசபெத் சோய் அதே ஆண்டில் நியமன உறுப்பினராகச் சென்றார். ஆகவே ‘முதல்’ என்ற சொல்லை மட்டும் நம்பிப் பேசினால், சபையில் யாராவது எழுந்து கேள்வி கேட்கும்போது பிள்ளை தடுமாற நேரிடும். எலிசபெத் சோயின் வாழ்க்கையில் சொல்ல வேண்டியது வேறு. ஜப்பானியர் ஆட்சியின்போது சிறைப்பட்டவர்களுக்கு உணவும் மருந்தும் செய்தியும் கமுக்கமாகச் சேர்த்தார் என்று ஜப்பானிய ராணுவக் காவல் படையான கெம்பெய்த்தாய் அவரைப் பிடித்து, ஏறத்தாழ 200 நாள் அடைத்து வைத்துச் சித்திரவதை செய்தது. போர் முடிந்து, தம்மைத் துன்புறுத்தியவர்களுக்கு மரண தண்டனை கேட்கும் வாய்ப்பு வந்தபோது அவர் அதை மறுத்துவிட்டார். அந்த மறுப்பை மட்டுமே வைத்து ஐந்து நிமிடம் பேசலாம்.

ஆனால் நீங்கள் தமிழ்த் தொடர்பையும் கேட்டதால், என் பரிந்துரை கேப்டன் லட்சுமிதான். 1914இல் சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1940இல் சிங்கப்பூருக்கு வந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன், இங்கே மருந்தகம் நடத்தி ஏழைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களுக்கு மருத்துவம் பார்த்து வந்தார். 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து, இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்று தனிப் படை வேண்டும் என்று அறிவித்தார். அப்போது இருபது பெண்களைத் திரட்டி, அவர்களுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்து, சில நாள்களுக்குள் புடவையுடனேயே அணிவகுப்பு மரியாதை செலுத்த வைத்தவர் இந்த மருத்துவர். துப்பாக்கியைத் தொட்டே பார்த்திராத பெண்கள், முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தக் கனத்தைத் தோளில் தாங்கி அசையாமல் நின்ற காட்சியை உங்கள் மகள் சொல்லட்டும். ஜான்சி ராணிப் படை என்று பெயர் பெற்ற அந்தப் பெண்கள் படையின் பயிற்சி முகாம் அதே ஆண்டு அக்டோபர் 22இல் வாட்டர்லூ ஸ்திரீட்டில் திறக்கப்பட்டது. இன்று கிருஷ்ணன் கோயிலுக்கும் குவான் யின் கோயிலுக்கும் நாம் நடந்து போகும் அதே தெருதான்.

போருக்குப் பிந்தைய ஐம்பது அறுபது ஆண்டுகளைத்தான் நம்மவர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இந்தியா திரும்பி, திருமணத்திற்குப் பிறகு கான்பூரில் குடியேறிய அவர், அங்கே ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்ப்பதையே வாழ்நாள் பணியாக ஏற்றார். 1984இல் போபாலில் நச்சுவாயு கசிந்தபோது மருத்துவக் குழுவுடன் சென்றார். 2002இல் இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் டாக்டர் அப்துல் கலாமை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். முதுமையிலும் நோயாளிகளைப் பார்ப்பதை விடாமல், 2012இல் தம் 97ஆம் வயதில் காலமானார். சீருடையில் இருந்தது சில ஆண்டுகள்தான். மருத்துவராக இருந்ததோ ஓர் ஆயுள்.

புக்கிட் பாத்தோக் பேத்தி:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. ஜான்சி ராணிப் படை என்றாலே கேப்டன் லட்சுமியின் பெயரும், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஜானகி தேவரின் பெயரும் வருகின்றன. கோலாலம்பூரில் 1925இல் பிறந்து, போஸின் பேச்சைக் கேட்ட இடத்திலேயே காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்து, பதின்ம வயதிலேயே படையில் சேர்ந்தவர் ஜானகி. பின்னர் மலாயா இந்தியர் காங்கிரஸ் 1946இல் தொடங்கப்பட்டபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவராகவும், பிற்காலத்தில் மலேசிய மேலவை உறுப்பினராகவும் இருந்தவர். இவர்கள் இருவரும் வசதியான வீட்டுப் பெண்கள். ஆனால் படையின் வரிசைகளை நிரப்பியவர்களில் மிகப் பலர் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள்.

என் பாட்டி அவர்களில் ஒருவர். ஜொகூரில் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடான லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். பதினேழு வயதில் படையில் சேர்ந்தார். ஏன் சேர்ந்தீர்கள் என்று சிறுவயதில் நான் கேட்டபோது, நாட்டு விடுதலை என்ற பேச்சு அவர் வாயில் முதலில் வரவில்லை. தோட்டத்தில் அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கு மட்டும்தான். சயாமில் ரயில் பாதை போட என்று அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவே இல்லை. அப்போது ஒருவர் வந்து, “நீயும் துப்பாக்கி பிடிக்கலாம்” என்று சொன்னார். அதுவரை யாரும் அவரிடம் ‘உன்னால் முடியும்’ என்று எதையுமே சொன்னதில்லையாம். முகாமில் இந்துஸ்தானியில் கட்டளை கொடுப்பார்கள், புரியாத சொல்லுக்குப் பக்கத்தில் நிற்பவரின் காலைப் பார்த்துத் திரும்புவோம் என்பார். பர்மாவுக்கு அவர் அனுப்பப்படவில்லை. 1945இல் முகாம் கலைந்ததும் தோட்டத்திற்கே திரும்பி, மறுபடியும் விடியற்காலையில் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் வெட்டப் போனார்.

எண்பது வயதிலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் நடைபாதையில் அவர் நடக்கும்போது முதுகு வளைந்ததில்லை. எங்கள் அம்மாவுக்குச் சமையலறையில் ஏதாவது எரிச்சல் வந்து முணுமுணுத்தால், “நேராக நின்று பேசு” என்பார். அவர் பெயரை எந்தப் பட்டியலிலும் நான் பார்க்கவில்லை. சகோதரி, உங்கள் மகள் கேப்டன் லட்சுமியைப் பற்றிப் பேசும்போது, அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் அரை நிமிடம் ஒதுக்கினால் நான் மிகவும் மகிழ்வேன்.

ஈசூன் வாசகர்:

மேலே இருவரும் எழுதியதை மனம் நெகிழ்ந்து படித்தேன். இருந்தாலும் ‘முதல்’ என்பதை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. 1959 தேர்தலில் 51 இடங்களில் ஐந்து பெண்கள் வென்றார்கள். அவர்களுள் ஒருவரான சான் சோய் சியோங் 1970இல் விலகிய பிறகு, 1984 வரை நம் நாடாளுமன்றத்தில் ஒரு பெண் உறுப்பினர்கூட இல்லை. பதினான்கு ஆண்டுகள்! முதலில் ஒருவர் நுழைந்துவிட்டால் கதவு திறந்தே இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது மூடிக்கொள்ளவும் செய்யும் என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் சொல்ல விரும்புகிறவர் ஷிரின் ஃபோஸ்டார். 1905இல் பம்பாயில் பாரசீகப் பெற்றோருக்குப் பிறந்து, 1950இல் கணவருடன் சிங்கப்பூருக்கு வந்தவர். அந்நாளில் இங்கே வழக்க முறைத் திருமணங்களில் ஓர் ஆண் ஒருவருக்கு மேற்பட்ட பெண்களை மணந்துகொள்ளலாம். முதல் மனைவிக்குக் கேட்க உரிமை இல்லை. 1952இல் சிங்கப்பூர் மாதர் மன்றத்தைத் தோற்றுவித்தவர்களில் முன்னின்று, பல இனப் பெண்களை ஒன்றுசேர்த்து, ஒருதார மணத்தைச் சட்டமாக்க வேண்டும் என்று கட்சிகளையும் அரசாங்கத்தையும் அவர் ஆண்டுக்கணக்கில் விடாமல் வற்புறுத்தினார். 1959இல் வாக்களிப்பு கட்டாயமானது. பெண்கள் திரளாக வாக்களிக்கப் போகிறார்கள் என்ற நிலை வந்தபோது, மக்கள் செயல் கட்சி ஒருதார மணத்தைத் தன் தேர்தல் அறிக்கையில் சேர்த்தது. கட்சிக்குள்ளிருந்து அதற்காகப் போராடியவர் சான் சோய் சியோங். 1961 மே மாதம், ஒருதார மணத்தைச் சட்டமாக்கிய மாதர் சாசனம் நிறைவேறி, செப்டம்பர் 15இல் நடப்புக்கு வந்தது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இன்றைய பிள்ளைகள் அறிய மாட்டார்கள். ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று வாழ்ந்த ஆண்கள் நம்மிடையே இருந்தார்கள். அந்த இரு வீட்டுப் பெண்களின் கண்ணீரைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. சாசனம் வந்தபின், முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் இருந்ததால் அவர்கள் நீங்கலாக, மற்ற எல்லாருக்கும் ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமாயிற்று. திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளவும், தொழில் செய்யவும் உரிமை எழுத்தில் வந்தது. கோயிலில் தாலி கட்டுவதோடு பதிவுத் தாளிலும் கையெழுத்திடும் நம் வழக்கத்திற்குப் பின்னால் இந்தப் பெண்கள் இருக்கிறார்கள். தன் அம்மாவின் திருமணச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் மகள் பேச்சைத் தொடங்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தெம்பனிஸ் தாய்:

உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எல்லாவற்றையும் மகளிடம் வாசித்துக் காட்டினேன். சான்றிதழ் யோசனையைக் கேட்டதும் அலமாரியைத் திறந்து எங்கள் கோப்பைத் தேடி எடுத்து, அதில் இருக்கும் இரண்டு கையெழுத்துகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் அவள் தேர்ந்தெடுத்தது வாட்டர்லூ ஸ்திரீட்டைத்தான். முத்துலட்சுமி ரெட்டியை விட மனமில்லாமல் விட்டிருக்கிறாள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் பிறந்ததுதான் 1954இல் அவர் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று படித்ததிலிருந்து, அடுத்த ஆண்டு அவரைப் பற்றி மட்டுமே பேசுவதாகச் சொல்கிறாள்.

புக்கிட் பாத்தோக் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டி, பக்கத்தில் நிற்பவரின் காலைப் பார்த்துத் திரும்பியதாகச் சொன்னதை, பெயர் எதுவும் குறிப்பிடாமல் அவள் தன் பேச்சில் பயன்படுத்தலாமா?

புக்கிட் பாத்தோக் பேத்தி:

தாராளமாகப் பயன்படுத்தட்டும். ‘ஜொகூர்த் தோட்டத்துப் பெண் ஒருவர்’ என்று சொன்னால் போதும்.

தோ பாயோ ஆசிரியர்:

பேச்சுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை மகளை எஸ்பிளனேட் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச் சின்னம் 1945இல் அங்கே எழுப்பப்பட்டு, அதே ஆண்டில் பிரிட்டிஷாரால் இடிக்கப்பட்டது. 1995இல் அந்த இடத்தில் வைத்த நினைவுக் கல் இருக்கிறது. தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கச் செய்தித்தாள் தொகுப்பில் பழைய தமிழ் முரசு இதழ்களும் உள்ளன. 1961ஆம் ஆண்டு இதழ்களைப் புரட்டினால் மாதர் சாசனம் வந்த நாள்களில் நம்மவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அவளே படித்துக்கொள்ளலாம். புக்கிட் பாத்தோக் அம்மா, தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் இயங்கி வருகிறது. பாட்டி சொன்னவற்றை உங்கள் அம்மாவும் நீங்களும் நினைவிலிருந்து ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். தோட்டத்தின் பெயர், முகாமில் உடன் இருந்தவர்களின் பெயர் என்று எது நினைவுக்கு வந்தாலும் எழுதி வையுங்கள். எழுதியதும் எனக்குத் தெரிவியுங்கள். அங்கே யாரை அணுகிக் கேட்பது என்பதை நானும் உடன் வந்து விசாரிக்கிறேன்.