நடக்க மறுக்கும் முதியவரிடம் செவிலியர் பேசினால் பயன் உண்டா?

கேள்வி: 68 வயதான, நீரிழிவுள்ள என் தந்தை நாங்கள் எவ்வளவு சொல்லியும் நடைப்பயிற்சிக்கு இணங்கவில்லை. மாதந்தோறும் மாத்திரை வாங்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர் எடுத்துச் சொன்னால் பயன் இருக்குமா?

பதில் 1: இருக்கும் என்றே நம்புகிறேன். லண்டனில் 45 முதல் 75 வயது வரையுள்ளோரிடம் நடந்த பேஸ்-அப் ஆய்வில், காலடிகளை எண்ணும் கருவியும் நாட்குறிப்பும் 12 வாரத் திட்டமும் பெற்றவர்கள், ஓராண்டுக்குப் பின்னரும் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு 600க்கும் மேற்பட்ட காலடிகள் கூடுதலாக நடந்தார்கள். ஆனால் இவற்றைச் செவிலியரைச் சந்தித்துப் பெற்றவர்களுக்கும் அஞ்சலில் பெற்றவர்களுக்கும் பெரிய வேறுபாடில்லை; எனவே செவிலியரின் பேச்சோடு கருவியும் நாட்குறிப்பும் இருக்கட்டும்.

பதில் 2: செவிலியராகச் சொல்கிறேன்: எடுத்த எடுப்பிலேயே பத்தாயிரம் காலடிகள் என்று இலக்கு வைக்காதீர்கள். இப்போது எவ்வளவு நடக்கிறார் என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு, அதிலிருந்து சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இன்சுலின் எடுப்பவரானால் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். பாதங்களில் புண் இருக்கிறதா என்று நாள்தோறும் பாருங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. அடுத்த முறை செல்லும்போது நாட்குறிப்பைச் செவிலியரிடம் காட்டச் சொல்கிறேன்.